ஜே பி யூ கே இசட் கல்யாணம்

என்ன பேராண்டி, மூஞ்சி உர்ருன்னு இருக்கு? பொண்ணு வீட்டுக்காரன் ஏதும் சொல்லிப்புட்டானா? இல்லியா? பிரஸ்காரன் சொல்லிப்புட்டானா? "உங்க பிடிஎஃப்பைத் தொறந்தா ஒரே இங்கிலீஷா வருது சார்"னு சொன்னானாக்கும்?

காட்டு பாப்போம். அடி ஆத்தி! "திருமணம்"னு இருக்க வேண்டிய எடத்துல ஜே, பி, பெரிய யூ, கே, இசட், கே, ஒரு அரைப்புள்ளி. நல்ல வேளை, அச்சடிக்கிறதுக்கு முந்தியே பாத்துட்டான். பாக்காம ஐநூறு பத்திரிகை அடிச்சிருந்தா, மாமன் மச்சானெல்லாம் மாப்பிள்ளை எந்த தேசத்துக்காரன்னு கேட்டிருப்பாங்க.

நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான தாத்தா இருந்துச்சு, என் போன்லயும் நல்லாத்தான இருந்துச்சு." ஆமாடா, இருந்துச்சு. யாரு இல்லைன்னா? பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கும். நீ அதைப் பாக்கச் சொல்லியா அனுப்புனே? ஆவணியில வெச்ச கல்யாணம் ஐப்பசிக்குத் தள்ளிப் போச்சு, தேதியை மட்டும் மாத்திக் குடுங்கன்னுல்ல அனுப்பிருக்கே! வெனையே அங்கனதான் இருக்கு.

சிவகாசிப் பக்கம் ஈய எழுத்துக் கோத்துப் பொழச்சவன் நானு. பெறகு பேஜ்மேக்கர் வந்துச்சு, கோரல் வந்துச்சு, எல்லாத்தையும் பாத்தாச்சு. ஒனக்கு ரெண்டு வெவரம் சொல்லுதேன், கேட்டுக்க. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

இந்தப் பத்திரிகையை நீ எந்த ஃபாண்டுல அடிச்சே? பாமினியா? அதானே பாத்தேன். பாமினி வகையறா இருக்கே, அதெல்லாம் வெளியில தமிழு, உள்ளுக்குள்ள இங்கிலீஷு. நீ ஜேயைத் தட்டுனா கம்ப்யூட்டரு "ஜே"ன்னுதான் எழுதி வெச்சுக்கிடும். திரையில காட்டுறப்போ, ஜே இருக்க வேண்டிய எடத்துல "த" படத்தைப் போட்டுக் காட்டும். பி-க்குக் கொக்கி. ரெண்டுஞ் சேந்தா "தி". கே-க்கு "ம". அரைப்புள்ளிக்குப் புள்ளி. அம்புட்டுத்தான் சூச்சுமம். பாமினி இருக்குற மிஷின்ல அது தமிழு. பாமினி இல்லாத மிஷின்ல அது வெறும் ஜே பி யூ கே இசட். பிரஸ்காரன் மேல என்னடா தப்பு? அவன் மிஷின் உள்ளதைச் சொல்லிருக்கு.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. பாமினிக்கு ஒரு கணக்கு. வானவில் அவ்வையாருக்கு ஒரு கணக்கு. ஸ்ரீலிபிக்கு வேற கணக்கு. இதை ஒழுங்கு பண்ணணும்னுதான் 1999-ல சென்னையில மாநாடு போட்டு டாம், டாப்னு ரெண்டு கணக்கை சர்க்கார் வெச்சாங்க. 2010-ல யூனிகோடு, டேஸ் 16னு மாத்திச் சொன்னாங்க. யூனிகோட்டுல தமிழுக்குன்னு 1991-லயே தனி எடம் விட்டாச்சு பாத்துக்க, 128 கட்டம். அங்க "த"ன்னா அது "த"தான். ஜேயும் கிடையாது, பூசணிக்காயும் கிடையாது. அதுல அடிச்சிருந்தா ஒன்னோட ஃபாண்டு அவன்கிட்ட இல்லேன்னாலும் லதாவோ நிர்மலாவோ ஏதோ ஒண்ணு வந்து நிக்கும். அழகு கெடும். வரி ஒடையும். பொண்ணோட பேரு கட்டத்துக்கு வெளிய எட்டிப் பாக்கும். ஆனா தமிழ் தமிழாவே இருக்கும். கல்யாணம் நின்னு போகாது.

"யூனிகோட்டுல ஸ்டைலான ஃபாண்டு இல்லை தாத்தா"ம்பே. ஏன் இல்லை? எம்புட்டோ வந்துருச்சு, நீதான் தேடல. பழைய ஃபாண்டுல ஒரு சிடி நெறையாக் கெடச்சதுன்னு வெச்சுக்கிட்டு, ஒரே பத்திரிகையில ஒம்பது தினுசு எழுத்துப் போட்டிருக்கே. பிள்ளையார் சுழிக்கு ஒண்ணு, பேருக்கு ஒண்ணு, தாய்மாமனுக்கு ஒண்ணு. கேட்டா டைப்போகிராபிங்கே. கெர்னிங்குங்கே. பொண்ணு மாப்பிள்ளை பேரை ஒட்டவெச்சு லோகோ பண்ணிருக்கேன், பிராண்டிங்குங்கே. ஏலே, ரெண்டு பேரும் சோப்புக் கம்பெனியா ஆரம்பிக்கப் போறீங்க?

சரி, பிடிஎஃப்புக்கு வருவோம். அது எதுக்குப் பொறந்துச்சுன்னு என்னைக்காவது யோசிச்சியா? அடோபி கம்பெனியில ஜான் வார்னாக்குன்னு ஒரு மனுசன். 1991-ல "கேம்லாட்"னு பேரு வெச்சு ஒரு யோசனை எழுதுனாரு. எவன் மிஷின்ல தொறந்தாலும், எவன் பிரிண்டர்ல அடிச்சாலும், பக்கம் ஒரே தினுசா இருக்கணும். அதான் அவரு கவலை. 1993-ல பிடிஎஃப் வெளிய வந்துச்சு. 2008-ல ஐஎஸ்ஓ முத்திரையும் குத்தியாச்சு. பாக்கவும் அடிக்கவும்தான் அதைப் பண்ணுனாங்க. திருத்துறதுக்குன்னா பண்ணுனாங்க? நீ என்ன பண்ணுதே? வெந்த இட்லியைக் கொண்டாந்து, "இதை மாவாக்கி ரெண்டு தோசை ஊத்திக் குடுங்க"ங்கே.

பிடிஎஃப்புக்குள்ள என்ன இருக்குன்னு நெனைக்கே? பத்தி இருக்கும், வரி இருக்கும், வார்த்தை இருக்கும்னுதான? அதெல்லாம் இருந்தாத்தான் உண்டு. பெரும்பாலும் "இந்தப் படத்தை இந்தப் புள்ளியில வை, அடுத்ததை அங்க வை"ங்குற உத்தரவுதான் வரிசையா இருக்கும். தமிழுக்கு இது இன்னும் மோசம். "கொ"ன்னு நீ அடிக்கிறது ஒரு "க", ஒரு உயிர்க்குறி. காகிதத்துல விழுறது கொம்பு, "க", கால்னு மூணு படம். பிடிஎஃப்புல போயி உக்காந்தது அந்த மூணு படம். திரும்ப எழுத்தா எடுக்குறப்போ கொம்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும், நடுவுல புள்ளி வெச்ச வட்டம் ஒண்ணு வந்து பல்லைக் காட்டும். கொழுந்தியா பேரு அதுல இருந்துச்சுன்னா அவ ஒன்னைச் சும்மா விடுவாளா?

"ஃபாண்டைத்தான் உள்ளயே எம்பெட் பண்ணியாச்சே தாத்தா"ன்னு இப்ப கேப்பே. கேளு, நல்ல கேள்வி. எம்பெட் பண்ணுனேன்னா என்ன அர்த்தம்? முழு ஃபாண்டும் உள்ள போச்சுன்னா? பெரும்பாலும் இல்லைடா. ஃபைலு பெருத்துரும்னு, நீ எந்தெந்த எழுத்தை உபயோகிச்சியோ அதை மட்டும் பொறுக்கி உள்ள போடும். சப்செட்டுனு அதுக்குப் பேரு. ஃபாண்டு பேருக்கு முன்னால ஆறு பெரிய இங்கிலீஷு எழுத்தும் ஒரு கூட்டல் குறியும் ஒட்டிக்கிட்டு இருந்தா அது சப்செட்டுன்னு தெரிஞ்சுக்க.

இப்ப நம்ம சங்கதிக்கு வா. ஒம் பத்திரிகையில "ஆவணி" இருக்கு. "ஐப்பசி" இல்லை. "ஐ"ங்குற எழுத்து ஒரு எடத்துலயும் வரல. அப்ப உள்ள போன மூட்டையில "ஐ" ஏது? பிரஸ்காரன் "ஐ"க்கு எங்க போவான்? பொண்ணு ரெடி, மாப்பிள்ளை ரெடி, மண்டபமும் ரெடி. "ஐ" மட்டும் ரெடியில்லை.

சரி, சப்செட்டு வேண்டாம், முழுசா உள்ள வெச்சேன்னே வெச்சுக்க. அப்பவும் அது பாக்குறதுக்கும் அடிக்கிறதுக்கும்தான். அக்ரோபாட்டுல எழுத்தைத் திருத்தணும்னா, அந்த ஃபாண்டு திருத்துறவன் மிஷின்ல ஏத்தி இருக்கணும். இல்லாட்டி கலரை மாத்தலாம், சைஸை மாத்தலாம், எழுத்து மேல கை வைக்க முடியாது. இல்லஸ்ட்ரேட்டரும் "ஃபாண்டைக் காணோம்"னு சத்தம் போடும். கோரலுக்குள்ள பிடிஎஃப்பை இழுத்தா, "எழுத்தா எடுக்கவா, கர்வ்ஸா எடுக்கவா?"ன்னு அது மரியாதையாக் கேக்கும். எழுத்தான்னா ஃபாண்டு வேணும். கர்வ்ஸான்னா வெறும் கோடு, திருத்த முடியாது. எங்கிட்டுப் போனாலும் முட்டுச் சந்துதான்.

ஒரு சில ஃபாண்டு, உள்ள வரவே மாட்டேன்னு அடம் பிடிக்கும். விக்கிறவன் ஃபாண்டுக்குள்ளயே "எம்பெட் பண்ணக் கூடாது"ன்னு ஒரு குறி வெச்சிருப்பான். ஓசியில எறக்குன ஃபாண்டுக்கு அதையெல்லாம் எவன் பாக்கான்?

இப்ப ஒரு பழைய கதை சொல்லுதேன். கதையுமில்லை, தொழில் வழக்கம். நாங்க ஈய எழுத்துக் கோக்குறப்போ, கேஸுல ஒரு எழுத்து தீந்து போயிரும். எல்லா எடத்துலயும் "ன்" வந்துருச்சுன்னா "ன்"னுக்கு எங்க போறது? அதுக்காக வேலையை நிறுத்த முடியுமா? அதே அகலத்துல வேற ஒரு எழுத்தை எடுத்து, தலைகீழாத் திருப்பிச் சொருகுவோம். புரூஃப் அடிச்சா அந்த எடத்துல கருப்பா ரெண்டு கட்டை விழும். புரூஃப் பாக்குறவர் கண்ணுல பளிச்சுனு குத்தும். "இங்க எழுத்து இல்லை, வந்ததும் போடணும்"னு அர்த்தம். தப்பா ஒரு எழுத்தைப் போட்டு நைசாத் தாண்டிப் போற சோலியே கெடையாது. பள்ளிக்கூடம் தாண்டாத கம்பாசிட்டருக்கு அந்த நேர்மை இருந்துச்சு.

ஒங்க சாமானுங்க என்ன செய்யுது? அக்ரோபாட்டுல ரெண்டு ஒப்புக்குச் சப்பாணி எழுத்து வெச்சிருக்கான். அடோபி சான்ஸ் எம்எம்மு, அடோபி செரிஃப் எம்எம்மு. உள்ள ஃபாண்டு இல்லேன்னா, இந்த ரெண்டுல ஒண்ணு, போனவனோட அகலத்துக்குத் தன்னை நீட்டிக் குறுக்கிக்கிட்டு வந்து உக்காந்துரும். வரி ஒடையாது, பக்கம் தாவாது. தூரத்துல இருந்து பாத்தா ஒனக்கே வித்தியாசம் தெரியாது. கெட்டிக்காரத்தனந்தான், நான் இல்லைங்கல. ஆனா அது இங்கிலீஷுக்கு. தமிழ் ஃபாண்டு காணாமப் போனா, அது கொண்டாந்து நிறுத்துறது நம்ம ஜே பி யூ கே இசட்டைத்தான்.

ஆனா ஒண்ணு, சாமானை மட்டும் திட்டுறதுல நாயம் இல்லை. இல்லஸ்ட்ரேட்டர் தொறக்குறப்பவே ஒரு பொட்டி வருதா இல்லியா? இன்னின்ன ஃபாண்டு காணோம்னு பேரோட பட்டியல் போடுதா இல்லியா? மாத்திப் போட்ட எழுத்தை ரோஸ் கலர் பூசிக் காட்டுதா இல்லியா? நீ என்ன பண்ணுதே? பொட்டி வந்ததும் படிக்காம மூடுதே. கல்யாணப் பத்திரிகை கெடக்கட்டும், ஊருல பாதிப் பய லோன் காயிதத்துலயே படிக்காமத்தான் கையெழுத்துப் போடுதான்.

நம்ம பேத்தி ஒருத்தி மதுரையில ஆராய்ச்சி பண்ணுதா. "நான் தமிழ்ல அடிக்கலியே தாத்தா, எனக்கு இந்தத் தொந்தரவு கெடையாது"ன்னா. கெடையாதாக்கும்? "ஆர்"னு ஒத்தை எழுத்துல பேரு வெச்ச மென்பொருள்ல வரைபடம் போட்டு, பிடிஎஃப்பா எறக்கி, கலரை மாத்தலாம்னு வேற ஒண்ணுல தொறந்திருக்கா. புள்ளி வெச்ச எடமெல்லாம் புள்ளியைக் காணோம், இங்கிலீஷு எழுத்து நிக்குது! புள்ளையோட மூணு வருச உழைப்பு எழுத்துக்கூட்டிக்கிட்டு நிக்குது!

வெவரம் இதுதான். அந்தக் காலத்துலயே பிடிஎஃப்காரங்க, "இந்தப் பதினாலு ஃபாண்டை உள்ள வைக்க வேண்டாம், எல்லார்கிட்டயும் இருக்கும்"னு ஒரு பட்டியல் போட்டுட்டாங்க. ஹெல்வெட்டிகா நாலு, டைம்ஸ் நாலு, கூரியர் நாலு, சிம்பல், ஜாப்ஃப் டிங்பேட்ஸ். இந்தக் கடைசி டிங்பேட்ஸ் இருக்கே, அதுல எழுத்தே கெடையாது, பூராப் பொம்மை. அதுல சின்ன "எல்" இருக்க வேண்டிய எடத்துல கருப்பா உருண்டையா ஒரு புள்ளி. "ஆர்" ரொம்ப நாளா வட்டப் புள்ளி வைக்கணும்னா அந்த ஃபாண்டுல இருந்து "எல்"லைத்தான் கூப்பிட்டுச்சு. டிங்பேட்ஸ் இல்லாத எடத்துல தொறந்தா என்ன ஆகும்? நம்ம பாமினி கதைதான். கடல் தாண்டிப் போனாலும் அதே கதை! "யூஸ் டிங்பேட்ஸ்"ங்குறதை "ஃபால்ஸ்"னு வெச்சு மறுபடி எறக்கு தாயின்னேன், புள்ளி புள்ளியா வந்துருச்சு. வரைபடத்தை மேட்பிளாட்லிப்புங்குற மென்பொருள்ல போடுறவன்னா, சொல்லாட்டி அது டைப் 3-ங்குற வகையில எழுத்தை வைக்கும், திருத்துறவன் கையில அது எழுத்தா வராது. ஃபாண்ட் டைப்பை 42-ன்னு வெச்சுக்கணும். படிச்ச புள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஒரு ஈயக்காரன் வேண்டியிருக்கு.

டைப்புன்னதும் ஞாவகம் வருது. பழைய டைப் 1 ஃபாண்டுகளை வெச்சு இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்குறவங்க உண்டு. 2023 ஜனவரியோட அடோபிக்காரன் அதுக்குக் கதவைச் சாத்திட்டான். பழைய பிடிஎஃப்பைத் தொறந்து பாக்கலாம். புது இல்லஸ்ட்ரேட்டர்ல அதை வெச்சு ஒரு எழுத்துத் திருத்த முடியாது.

சரி, இப்ப என்ன செய்யணும்ங்கே? மொதல்ல அந்த மூஞ்சியை நேராக்கு. கல்யாண மாப்பிள்ளை மூஞ்சியாடா அது?

அக்ரோபாட்டுல தொறந்து கண்ட்ரோலும் டியும் அமுக்கு. ஃபாண்ட்ஸ்னு ஒரு தாளு இருக்கும். எது உள்ள இருக்கு, எது சப்செட்டு, எது இல்லை, இல்லாத எடத்துல எது வந்து உக்காந்திருக்கு, எல்லாம் பேரு போட்டு இருக்கும். ஒரு நிமிச வேலை. ஒம்பது ஃபாண்டு தேடி எறக்க நேரம் இருந்துச்சு, இதுக்கு மட்டும் இல்லியாக்கும்?

திருத்தக் குடுக்குறதா இருந்தா பிடிஎஃப்பைக் குடுக்காத. கோரல்ல பண்ணுனியா, கோரல் ஃபைலைக் குடு, கூட ஃபாண்டையும் குடு. இல்லஸ்ட்ரேட்டர்ல "பேக்கேஜ்"னு ஒண்ணு இருக்கு, அதை அமுக்குனா ஃபைலு, படம், ஃபாண்டு எல்லாத்தையும் ஒரே எடத்துல கட்டித் தரும். காசு குடுத்து வாங்குன ஃபாண்டுன்னா அடுத்தவனுக்குக் குடுக்கலாமான்னு அந்த லைசன்ஸையும் ஒரு வாட்டி பாத்துரு. அதே இல்லஸ்ட்ரேட்டர்ல பிடிஎஃப் எறக்குறப்போ, திருத்துற வசதியை வெச்சுக்கவான்னு ஒரு கட்டம் கேக்கும். டிக் போடு. ஃபைலு கொஞ்சம் பெருக்கும், பெருத்துட்டுப் போகட்டும். அப்பவும் ஃபாண்டு அவன்கிட்ட இருக்கணும்ங்குறதை மறக்காத. யூனிகோடு தமிழ்னா எழுத்துக் கோக்குற முறையை "வேர்ல்டு ரெடி"ன்னு மாத்தி வெச்சுக்க, இல்லேன்னா அடிக்கிறப்பவே கொம்பு எடம் மாறிரும்.

அச்சுக்கு மட்டுந்தான், இனி ஒரு எழுத்தும் மாறாதுன்னா கர்வ்ஸ் ஆக்கிரு. கோரல்ல கண்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டர்ல கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. எழுத்தெல்லாம் கோடாயிரும், பெறகு எவன் மிஷின்ல தொறந்தாலும் அசையாது. ஆனா அதை ஒரு காப்பியில பண்ணு. மூலத்துலயே கியூவை அமுக்கிட்டு, சேவ் பண்ணி மூடிட்டு, மறுநாள் வந்து "பெரியப்பா இனிஷியல் தப்பாப் போச்சு"ன்னு நிக்காத. பெரியப்பா பேரை மொதல்ல இருந்து அடிக்கணும், அவரு கோவம் வேற. கல்யாணப் பத்திரிகையில பெரியப்பா இனிஷியல் மாறாம ஒரு கல்யாணம் நான் இன்னும் பாக்கல, அது தனி.

"டிசைனர் மூல ஃபைலைத் தர மாட்டேங்கான் தாத்தா"ம்பே. அது வேற வெவகாரம். தந்தா அடுத்த வேலைக்கு ஒன் காசு அடுத்த கடைக்குப் போயிரும்னு அவனுக்குப் பயம். அவன் பொழப்பு அவனுக்கு. அதுக்குத்தான் வேலை குடுக்குறப்பவே பேசிக்கணும்ங்குறது. பாதி முன்பணம் குடுக்குறப்போ, "மூல ஃபைலும் ஃபாண்டும் சேத்துத்தான்"னு ஒரு வார்த்தை போட்டு வெச்சா, பெறகு அவன் வாசல்ல தவங்கெடக்க வேண்டாம். பத்திரிகைக்கு வெல்வெட்டு ஒறையா, தங்க நூலான்னு மூணு நாளு பேசுன குடும்பம், இதை ஏன் பேசல?

இனி எவனுக்காவது பிடிஎஃப் அனுப்பணும்னா, அனுப்புறதுக்கு முந்தி அவனுக்கு ஒரு போனைப் போடு. "அண்ணே, இதைப் பாக்கப் போறீங்களா, அடிக்கப் போறீங்களா, திருத்தப் போறீங்களா?"ன்னு கேளு. அவன் திருத்தப் போறேன்னா, பிடிஎஃப்பை வெச்சுக்கிட்டு மூல ஃபைலை அனுப்பு.